எழுபது வளைவும் கொல்லிப்பாவையும்

கொல்லிமலைக்கு முதல்முறையாகக் கார் ஓட்டிப் போகிறேன். 70 கொண்டை ஊசி வளைவுகளாமே, சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும். காலையிலேயே காரவள்ளி அடிவாரத்தைத் தொட்டுவிடுங்கள். வளைவுதோறும் ஹாரன் அடியுங்கள். ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி. ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது.

சிரித்து மயக்கி உயிரை வாங்குவாள் என்று சொல்லப்படும் இந்த மலையின் கொல்லிப்பாவை சங்கப் பாடல்களிலேயே வருகிறாள். இன்று அவளை எட்டுக்கை அம்மனாக வணங்குகிறார்கள். அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளத்தாக்கும் அப்படித்தான் மயக்கும். அகலமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரசியுங்கள். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.