கிரீன் டீயும் புற்றுநோயும்

வழக்கமான தேநீரும் கிரீன் டீ எனப்படும் பசுந்தேநீரும் ஒரே செடியின் இலையிலிருந்து கிடைப்பவை. பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றி அதன் நொதிகளை அடக்கிவிடுவதால், கேட்டகின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் பசுந்தேயிலையில் பெரும்பாலும் மாறாமல் தங்குகின்றன. அவற்றுள் மிகுதியானதும் மிக அதிகமாக ஆராயப்பட்டதும் ஈஜிசிஜி என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் சேர்மம் ஆகும்.

நம்பிக்கை: ஈஜிசிஜி புற்றுச் செல்களை அழிக்கிறது, எனவே நாள்தோறும் பசுந்தேநீர் அருந்துவோருக்குப் புற்றுநோய் வராது.

உண்மை: முதற்பாதியில் உண்மை உண்டு. ஆய்வகத் தட்டில் வளர்க்கப்படும் புற்றுச் செல்களின் பெருக்கத்தை ஈஜிசிஜி தடுக்கிறது; செல் தானே தன்னை அழித்துக்கொள்ளும் நிகழ்வையும் தூண்டுகிறது. ஆனால் அச்சோதனைகளில் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார் வரையிலான செறிவு பயன்படுத்தப்படுகிறது. சில கோப்பைகள் அருந்தியவரின் இரத்தத்திலோ அது ஒரு மைக்ரோமோலாரைத் தாண்டுவதே அரிது. குடல் அதைச் சிறிதளவே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதிலும் ஒரு பகுதியைக் கல்லீரல் வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. தட்டில் கண்ட விளைவை உடலிலும் எதிர்பார்ப்பதற்கு முன் இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்வது இன்றியமையாதது.

நம்பிக்கை: பசுந்தேநீர் அருந்தும் ஜப்பானியரே இதற்குச் சான்று.

உண்மை: ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 26,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கண்காணித்து 2001-இல் வெளிவந்த ஆய்வு, பசுந்தேநீருக்கும் இரைப்பைப் புற்றுநோய்க் குறைவுக்கும் தொடர்பு காணவில்லை. அதே மாகாணத்தில் 40,530 பேரை ஆராய்ந்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், மிகுதியாக அருந்தியோரிடையே இதய, இரத்தநாள நோய்களால் நேர்ந்த இறப்புகள் குறைந்திருந்தன. புற்றுநோய் இறப்புகள் குறையவில்லை. 142 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வும் சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றே கூறியது.

ஆயினும் இத்துறையைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கொண்ட 60 இத்தாலிய ஆண்களிடம் நடந்து 2006-இல் வெளிவந்த சோதனையில், ஓராண்டுக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் கேட்டகின் உட்கொண்ட 30 பேரில் ஒருவருக்கும், போலி மாத்திரை உட்கொண்ட 30 பேரில் ஒன்பது பேருக்கும் புற்றுநோய் கண்டது. பின்னர் 97 பேரிடம் நடந்து 2015-இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் இத்தகைய தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. பெரிய சோதனைகளே இதைத் தீர்க்க முடியும்.

நம்பிக்கை: தேநீர் போதாதெனில் செறிவு மாத்திரை நல்லது, இயற்கைப் பொருளால் கேடில்லை.

உண்மை: மூன்றினுள் மிகவும் கவலைக்குரியது இதுவே. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜியை மாத்திரையாக உட்கொண்டால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. மேலும், மல்டிபிள் மைலோமா என்னும் எலும்புமஜ்ஜைப் புற்றுக்குத் தரப்படும் போர்டெசோமிப் மருந்தோடு ஈஜிசிஜி நேரடியாகப் பிணைந்து அதன் ஆற்றலைத் தடுப்பது 2009-இல் செல்களிலும் எலிகளிலும் காட்டப்பட்டது. நோயாளிக்கு உதவும் நல்லெண்ணத்தில் உறவினர் வாங்கித் தரும் மாத்திரை அவர் பெறும் சிகிச்சையையே முடக்கக்கூடும் என்பதால், அதனைத் தொடங்குமுன் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் தெரிவித்தே ஆக வேண்டும்.