உழவில் கிடைத்த கற்கோடரி

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் பக்கம். கடலை போட உழுதபோது உள்ளங்கை அகலத்தில் வழவழப்பான கருங்கல் ஒன்று கிடைத்தது. ஒரு முனை கோடரி வாய் மாதிரி இருக்கிறது. அம்மா அதை அரசமரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிடச் சொல்கிறார். பழம்பொருள் சேர்க்கும் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். இது கற்காலக் கோடரிதானா? நானே வைத்துக்கொள்ளலாமா? இன்னும் தேடிச் சேர்க்கவும் ஆசை.

பதில்: கல்லை இனி கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். 2006-இல் மயிலாடுதுறை வட்டாரத்துச் செம்பியன் கண்டியூரில், பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழையும் தென்னையும் வைக்கக் கொல்லையில் குழி தோண்டியபோது இதே போன்ற கற்கோடரி கிடைத்தது. அதில் கீறியிருந்த குறிகள் சிந்துவெளி எழுத்து என்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. யாராவது கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தால் விவாதிக்கவே எதுவும் மிஞ்சியிருக்காது.

கல்லைக் காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஆற்றுக் கூழாங்கல் என்றால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருண்டிருக்கும். மனிதன் செய்ததில் வாய்ப்பக்கம்தான் நன்றாகப் பளபளக்கும். உற்றுப் பார்த்தால் தேய்த்த கீறல்கள் தெரியும். அடிப்பக்கம் அம்மி கொத்தியதுபோலப் புள்ளி புள்ளியாகச் சொரசொரக்கும். முதலில் சில்லு பெயர்த்து உருவாக்கினார்கள், பிறகு கொத்திச் சமன் செய்தார்கள், கடைசியாகப் பாறைமீது மணலும் நீரும் விட்டுத் தேய்த்தார்கள். அடிப்பக்கம் காம்புக்குள் போவது. அதை வழவழப்பாக்கத் தேவையில்லை, சொரசொரப்பாக இருந்தால்தான் பிடிமானம். கர்நாடகத்தில் பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் டோலரைட் கல்லை உடைத்துக் கோடரி செய்த இடங்களும், தேய்த்துத் தேய்த்துப் பாறையில் விழுந்த பள்ளங்களும் இருக்கின்றன.

வாய் இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்திருந்தால் கோடரி. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிந்தும் இருந்தால் வாய்ச்சி. தச்சர் கையில் இன்றும் இருக்கும் அதே கருவி, காம்புக்குக் குறுக்கே வாய் வைத்து மரம் செதுக்குவது.

வயது கேட்பீர்கள். இப்படித் தேய்த்துச் செய்த கோடரி புதிய கற்காலத்தது. தென்னிந்தியப் புதிய கற்காலம் ஏறத்தாழ கி.மு. 3000 முதல் கி.மு. 1000 வரை. ஆனால் உழவில் புரண்டு வந்த ஒற்றைக் கல்லுக்கு அதைவிட நெருக்கமாகக் காலம் குறிக்க முடியாது. கூடவே கிடக்கும் பானை ஓடு, கரி, எலும்பு, மண்ணடுக்கு ஆகியவைதான் காலம் சொல்லும். பையம்பள்ளி, மயிலாடும்பாறை என்று தமிழ்நாட்டில் அறியப்பட்ட புதிய கற்கால ஊர்கள் பெரும்பாலும் வடமேற்கில் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் நிறைய இருப்பவை தாழிகளும் கல்வட்டங்களும். அவை இரும்புக் காலத்தவை. அதனால்தான் உங்கள் கல்லின் மதிப்பு கல்லில் மட்டும் இல்லை, எந்த வயலில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதில் இருக்கிறது என்கிறேன். விலைக்குக் கேட்பவர் கையில் அது போய்விட்டால் அந்த விவரம் போய்விடும். பிறகு அது வெறும் அழகான கல்.

சட்டமும் அப்படித்தான். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ளதென்றால், கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொந்த நிலமாக இருந்தாலும் இதுதான் விதி. தொல்பொருள் வியாபாரத்துக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

அம்மா சொன்னது புதிதல்ல. சேர்வராயன் மலையில் மக்கள் இத்தகைய கற்களைப் பொறுக்கிச் சிறு கோயில்களில் வைத்திருந்ததை ராபர்ட் புரூஸ் ஃபூட் பதிவு செய்திருக்கிறார். பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவர்தான். எந்தக் கல் எந்த ஊரில் எடுத்தது என்று அவர் எழுதி வைத்ததால்தான், 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிய அவருடைய சேகரிப்பு இன்றும் ஆய்வுக்கு உதவுகிறது. உங்கள் அம்மாவின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனாலும் மரத்தடியில் வைத்தால் கல் பத்திரமாக இராது.

தேடும் ஆசையை விடாதீர்கள். எடுக்கும் ஆசையை விடுங்கள். அடுத்து ஒன்றைக் கண்டால் தொடாமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தோண்ட வேண்டாம். இப்போது கையில் உள்ளதைத் துணியில் சுற்றி, வயலின் சர்வே எண், கிடைத்த நாள், ஆழம் எல்லாம் தாளில் எழுதி, ஆட்சியருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுத் திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போங்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.