மீட்டர் கேஜ் ஃபைல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

கொல்லங்கோட்டில் ஸ்கேன் கடை போட்டதும், பழைய புத்தகங்களையும் பத்திரங்களையும் கணினியில் ஏற்றித் தரும் வேலையை எடுத்ததும் கேட்டு மகிழ்ந்தேன். "சில ஃபைல் திறக்கவே மாட்டேங்குதண்ணா, எந்த பிளக்-இன் போடணும்?" என்று கேட்டாய். போனில் சொல்லித் தீராது; எழுதுகிறேன்.

நான் நெட் சென்டர் நடத்திய காலத்தில் பிளக்-இன் இல்லாமல் கடை ஓடாது. பிரவுசருக்கு எழுத்தும் சில வகைப் படங்களும்தான் தெரியும். பிடிஎஃப்புக்கு அக்ரோபாட், அசையும் படத்துக்கு ஃப்ளாஷ் என்று ஒவ்வொன்றுக்கும் வெளியாள் வரவேண்டும். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவில் அருமையான பழைய தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் டிஃப் படம். அதற்கென்று தனி பிளக்-இன் போட்டால்தான் கண்ணில் படும். பின்னால் அவற்றில் பெரும்பகுதி இன்டர்நெட் ஆர்க்கைவில் பிடிஎஃப்பாக ஏறியபிறகுதான் சாதாரணப் போனிலும் படிக்க முடிந்தது.

அந்த வெளியாட்களை ஏன் விரட்டினார்கள்? பழைய பிளக்-இன் பிரவுசருக்குள் வந்து உட்கார்ந்தாலும், கணினியில் நீ செய்யக்கூடியதையெல்லாம் அதுவும் செய்யும். அதில் ஓட்டை விழுந்தால் வீடே திறந்த மாதிரி. குரோம் 2015 செப்டம்பரில் அந்த ஏற்பாட்டையே எடுத்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கான ஆதரவும் நின்றது.

நம் கொல்லங்கோடு ஸ்டேஷனை நினைத்துப் பார். அதே 2015-இல்தான் மீட்டர் கேஜாக இருந்த பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை அகலப்பாதையாகித் திரும்பத் திறந்தது. மீட்டர் கேஜ் பெட்டி எத்தனை உறுதியாக இருந்தாலும் அதற்குத் தண்டவாளம் இல்லை. ஃபைலுக்கும் அதே கதிதான்.

இனி உன் மேசைக்கு வருவோம். திறக்காத ஃபைல் வந்தால் உடனே எதையும் இறக்காதே. அதை நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பார். சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் அது பிடிஎஃப். பி, கே என்று தொடங்கினால் ஜிப் வகை. புதிய வேர்டு ஃபைலும் இபப் புத்தகமும் அந்தக் குடும்பம்தான். பல நேரங்களில் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைத் திருத்தினாலே வேலை முடிந்துவிடும்.

இன்று பிளக்-இன் இருந்த இடத்தில் எக்ஸ்டென்ஷன் வந்திருக்கிறது. பழைய ஃப்ளாஷ் பாடங்களை ஓட்ட ரஃபிள் போன்ற நல்லவை உண்டு. ஆனால் ஓர் எக்ஸ்டென்ஷன் "எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்டால் நின்று யோசி. அதே கணினியில்தான் ஊரார் பாங்கு கணக்கைத் திறக்கிறார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திருவிழா மலரைப் பழைய எட்டு பிட் தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்தேன். பல வருஷம் கழித்து மலர் போட்டவர்கள் அதைக் கொண்டுவந்தபோது ஃபைல் திறந்தது. உள்ளே தமிழ்தான் இல்லை, சிதறிய ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருந்தன. எந்த எழுத்துரு என்று எனக்கு ஞாபகம் இருந்ததால் மாற்றிக் கொடுத்தேன். நான் செத்துப் போயிருந்தால் மலரும் போயிருக்கும். அன்றிலிருந்து யூனிகோடு தவிர வேறெதிலும் ஒரு வரி அடிப்பதில்லை.

ஆகவே தம்பி, ஸ்கேன் செய்த மூலத்தை டிஃப்பாக நீ வைத்துக்கொள். கொடுப்பதை எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப்-ஏ வடிவில் கொடு. நெடுநாள் காப்புக்கென்றே 2005-இல் வந்த தரம் அது. காசு வாங்குமுன் வந்தவரின் போனிலேயே ஃபைலை ஏற்றி, நெட்டை அணைத்து, நடுவில் ஒரு பக்கத்தை அவரையே வாசிக்கச் சொல். அவர் வாசித்துவிட்டால் காசை வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய நெட் சென்டர் அண்ணன்