தொட்டி மீனும் பூஞ்சண நோயும்

கண்ணாடித் தொட்டி மீனின் மேனியில் வெண்பஞ்சுபோற் படர்வது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூஞ்சணமாகும். நலமுள்ள மீனை இஃது எளிதிற் பற்றாது. உடலைப் போர்த்துள்ள வழுவழுப்பான படலம் சிதைந்த இடத்திலேயே வேரூன்றும். ஆகலின், மருந்திடுமுன் புண்ணின் காரணத்தை ஆராய்தல் வேண்டுமென்பது எம் கருத்து. மீன்கள் ஒன்றையொன்று கடித்தனவோ? நீர் அழுக்குற்றதோ? குளிர் மிகுந்ததோ? காலம்நாரிஸ் என்னும் பாக்டீரியா நோயும் இவ்வாறே தோன்றுமாதலின், அதனையும் பிரித்தறிதல் வேண்டும். அதற்கு மருந்து வேறு.

பூஞ்சணமே எனத் தெளிந்தால், மீனைத் தனித்தொட்டியிலிட்டு, லிட்டர் நீருக்கு 1 முதல் 3 கிராம் உப்பினைச் சிறிது சிறிதாய்க் கரைக்கலாம். உப்புத் தாங்காத இனங்களுக்கு மெத்திலீன் நீலம் உதவும். பழைய தொட்டி நீரைத் தூய்தாக்காது மருந்தை மட்டும் நம்புவோமாயின், பஞ்சு நீங்கினும் மீன் பிழைத்தல் அரிது.