வாள் முத்திரைக் கடிகாரம்

கேள்வி: தாத்தா காலத்துப் பீங்கான் மேசைக் கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. உடம்பெல்லாம் பூக்கள், சுற்றிலும் நான்கு குழந்தைகள். அடியில் நீல நிறத்தில் குறுக்கு வாள்கள். ஜெர்மனியின் மைசன் பீங்கான் என்கிறார்கள். ஆனால் உள்ளே மெஷினில் பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் இருக்கிறதே, இது போலியா? சில இதழ்கள் உடைந்துள்ளன. ஒட்டி, வண்ணம் பூசிவிடலாமா?

பதில்: மெஷினைப் பார்த்துக் கலங்காதீர்கள். 1710இல் தொடங்கிய மைசன் பட்டறையின் தொழில் பீங்கான். மெஷின் வெளியிலிருந்து வரும். 19ஆம் நூற்றாண்டுக் கூடுகளில் ஜாப்பி ஃப்ரேர் போன்ற பிரெஞ்சு மெஷின்கள் சகஜம்.

சந்தேகப்பட வேண்டியது வாள்களைத்தான். மைசன் அந்த முத்திரையை 1720களில் இடத் தொடங்கியது. வெகு சீக்கிரமே மற்றவர்களும் அதைப் பார்த்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். டிரெஸ்டன் அருகே போட்சாப்பலிலும், தூரிங்கியாவின் பிளாவ, சிட்ஸன்டோர்ஃப் ஊர்களிலும் இதே பாணியில் பூக்கடிகாரங்கள் செய்தார்கள். அவற்றின் கோட்டு முத்திரைகள் சட்டென்று வாள் போலவே தெரியும். அவையும் நல்ல வேலைப்பாடுதான், விலைதான் வேறு. உங்கள் கடிகாரத்தில் நீல நிறம் பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேலே எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். பக்கத்தில் களிமண்ணிலேயே கீறப்பட்ட மாடல் எண் இருக்க வேண்டும். வாள்களின் குறுக்கே கீறல் வெட்டியிருந்தால், பட்டறையே அதை இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது என்று பொருள்.

இனி அந்தக் குழந்தைகளின் கைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவர்கள் நான்கு பருவங்கள். வசந்தத்துக்குப் பூ, கோடைக்குக் கோதுமைக் கதிர், இலையுதிர் காலத்துக்குத் திராட்சை. குளிர்காலக் குழந்தை துணியைப் போர்த்திக்கொண்டு நெருப்பில் குளிர்காயும். எந்தக் கையாவது வெறுமையாக இருந்தால் அங்கே ஏதோ உடைந்து போயிருக்கிறது. இப்படிக் குழந்தைகளும் பூக்களும் நிறைந்த அலங்காரம், 18ஆம் நூற்றாண்டில் சிற்பி கெண்ட்லர் மைசனில் வளர்த்த ரொகோகோ பாணி. நூறாண்டு கழித்து அதே பட்டறையின் சிற்பி லாய்ட்டரிட்ஸ் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். இன்று வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் காலத்தவை.

பூக்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வோர் இதழையும் கையால் தட்டையாக்கி, மடித்து, களிமண் குழம்பு தொட்டு ஒட்டுவார்கள். பிறகு சுமார் 1400 டிகிரி சூளை. வெந்து வரும்போது உருப்படி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அத்தனை மெல்லிய இதழ்கள் விரிசல் விடாமல் வளையாமல் வெளியே வருவதே பெரிய காரியம். பிறகு வண்ணத்துக்குக் குறைந்த சூட்டில் மறுபடி சூளை, கடைசியாகத் தங்கம். மெஷினுக்காக விட்ட ஓட்டையும் சூளையில் கொஞ்சம் கோணும். முகப்பைச் சுற்றியுள்ள பித்தளை வளையம் அதை மறைத்துவிடும்.

இப்படிப் பிறந்த பூவின் மேல் கடைப் பெயின்ட் ஏறவே கூடாது. நாள்பட அது மஞ்சளாகும். புற ஊதா டார்ச் அடித்தால் பழைய பழுதுவேலை தனியாகப் பளிச்சிடும். உங்களுக்கு முன்பே யாராவது கை வைத்தார்களா என்று அதில் தெரிந்துவிடும். வாங்க வருபவரும் அதைத்தான் முதலில் பார்ப்பார். இதழ் நுனி உடைந்திருப்பது இவ்வளவு வயதான பொருளுக்கு இயல்பு, அப்படியே விடுங்கள். விழுந்த துண்டுகள் இருந்தால் பஞ்சில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பீங்கான் பழுதுபார்ப்பில் தேர்ந்தவர், வேண்டும்போது பிரித்தெடுக்கக்கூடிய பசையால் ஒட்டித் தருவார்.

தூசிக்கு மெல்லிய ஓவியத் தூரிகை போதும். தண்ணீரில் முக்காதீர்கள், தங்க விளிம்பைத் தேய்க்காதீர்கள். தூக்கும்போது பூவையோ குழந்தையையோ பிடிக்கக் கூடாது. பீடம் தனியாக இருந்தால் தனியாகவே எடுங்கள். நகர்த்துவதற்கு முன் பெண்டுலத்தைக் கழற்றிவிடுங்கள். ரிப்பேருக்குக் கொடுப்பதானால் மெஷினை மட்டும் கழற்றச் சொல்லி அனுப்புங்கள். கூடு வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம்.