கொச்சி யூதர்களும் வம்சப் பெருமையும்

நமது வடகரையிலிருந்து மேற்கே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் கொல்லம். கி.பி. 849-ல் எழுதப்பட்ட அவ்வூர்த் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கூஃபி எழுத்தில் கையொப்பமிட்ட முஸ்லிம்களோடு ஹீப்ரு எழுத்தில் கையொப்பமிட்ட யூதர்களும் சாட்சிகளாக உள்ளனர். ஆகவே யூதர் வரலாறு நமக்குத் தொலைதூரத்துச் செய்தியன்று.

கி.பி. முதல் நூற்றாண்டில் பாலஸ்தீன யூதர்கள் பல பிரிவினராயிருந்தனர். ஆலய குருமார் சார்ந்த சதூக்கியர் எழுதப்பட்ட தவ்ராத்தை மட்டுமே ஏற்று, உயிர்த்தெழுதலை மறுத்தனர். பரிசேயர் வாய்வழி மரபையும் உயிர்த்தெழுதலையும் ஏற்றனர். எஸ்ஸீனியர் ஒதுங்கி வாழ்ந்தனர். செலோத்தியர் ரோமரை எதிர்த்து வாளேந்தினர். ரோமப் படை நெருங்கிய வேளையிலும் ஜெருசலத்துக் கட்சிகள் தங்களுக்குள் போரிட்டுத் தானியக் கிடங்குகளைக் கொளுத்தின என்று அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதியுள்ளார். கி.பி. 70-ல் ஆலயம் அழிந்தது.

அவை கொள்கையாலும் அரசியலாலும் வந்த பிளவுகள். கொச்சியிலோ வேதம் ஒன்று, வழிபாடு ஒன்று. பிளந்தது வம்சப் பெருமை! வம்சம் பேசிய சிறு தொகையினர் மற்ற யூதரை ‘அடிமை வழியினர்’ என்று கூறி மணவுறவை மறுத்தனர். 16-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கு கெய்ரோவிலிருந்த யூத மார்க்க அறிஞர் தாவீது இப்னு ஸிம்ராவிடம் சென்றது. முறைப்படி நீராடியபின் அவர்களோடு மணம் கூடும் எனத் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது, நடைமுறை மாறவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த பரதேசி யூதர் 1568-ல் மட்டாஞ்சேரியில் ஜெபாலயம் எழுப்பினர். விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியார் அங்கே மற்றவர்களோடு பெஞ்சில் அமர முடியாத நிலை 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. அவ்வழி வந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) சத்தியாகிரக முறையில் போராடினார். தடைகள் மெல்லத் தளர்ந்தன.

ஆனால் 1950-களில் மலபார் யூதர் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர் பரதேசிகளிலும் பலர் சென்றனர். பத்து ஆண்கள் கூடினால்தான் அவர்களின் கூட்டு வழிபாடு நிறைவேறும். மட்டாஞ்சேரியில் அந்தப் பத்துப் பேர் சேராத காலமும் வந்தது. இடமில்லை என்று தடுத்த பெஞ்சுகளில் அமர ஆளில்லை!

சகோதரர்களே! மார்க்கத் தீர்ப்பைக் கேட்டு வாங்கிவிட்டு, குலப்பெருமைக்கு இடையூறு என்றதும் அதை மடித்து வைத்துவிடுவது அவர்களுக்கு மட்டும் உரிய குணமா? நமது நிக்காஹ் பேச்சுகளில், ஜமாஅத் கூட்டங்களில் ‘அவர் எந்த வழி?’ என்ற கேள்வி எழும்போதெல்லாம் கொச்சியை நினைத்துப் பார்ப்போமாக!