கோழிக் கழிவில் எவ்வளவு புரதம்?

கால்நடைத் தீவனத்தில் விலை மிகுந்த கூறு புரதமே. சோயாப் பிண்ணாக்கும் மீன்தூளும் விலையேறும்போதெல்லாம், கோழி இறைச்சிக் கூடங்களில் எஞ்சும் இறகு, தலை, கால், குடல் ஆகியவற்றின்பால் தீவன உற்பத்தியாளரின் நாட்டம் திரும்புகிறது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 85 கோடிக் கோழியினப் பறவைகள் இருந்தன. கோழியின் உயிர் எடையில் இறகு மட்டுமே 5 முதல் 7 விழுக்காடு. மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

எனினும், 'கச்சாப் புரதம்' என்று தீவன மூட்டைமீது அச்சிடப்படும் எண்ணை மட்டும் நம்பி விலை பேசுவோர் ஏமாறக்கூடும். பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் பெறுவதே அவ்வெண். அந்த நைட்ரஜன் எவ்வடிவில் உள்ளது, அதை விலங்கு செரிக்குமா என்பவற்றை அது கூறாது. இறகே இதற்குச் சிறந்த சான்று. அதில் கச்சாப் புரதம் 80 விழுக்காட்டிற்கும் மேல். பிண்ணாக்கு எதுவும் இதனை நெருங்காது. ஆயின் அப்புரதம் கந்தகப் பிணைப்புகளால் இறுகிய கெரட்டின். பச்சை இறகை அரைத்து ஊட்டினால் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறும். அழுத்த நீராவியில் முறையாக வேகவைத்தால் பிணைப்புகள் அறுபட்டு, பெப்சின் சோதனையில் நான்கில் மூன்று பங்கு செரிக்கும் நிலையை எய்துகிறது. அளவுக்கு மீறி வேகவைத்தாலோ அமினோ அமிலங்கள் சிதைகின்றன. நன்கு பதப்படுத்திய இறகுத்தூளிலும் லைசின், மெத்தியோனின், ஹிஸ்டிடின் ஆகியவை குறைவே. ஆகவே அது மீன்தூளுக்கு முழு மாற்றாகாது. சிறு அளவில் சேர்த்து, குறைபடும் அமிலங்களைத் தனியே ஈடுசெய்தல் வேண்டும்.

தலை, கால், குடல் ஆகியவற்றை வேகவைத்துக் கொழுப்பு நீக்கி அரைத்த தூளில் கச்சாப் புரதம் 55 முதல் 65 விழுக்காடே. எண் சிறிதாயினும், லைசின் மிகுதியால் உணவு மதிப்பில் இதுவே மேல்.

ஆழ்கூளத்தின் நிலை வேறு. அதன் நைட்ரஜனில் கணிசமான பகுதி யூரிக் அமிலம். அசைபோடும் விலங்குகளின் இரைப்பை நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். கோழிக்கும் பன்றிக்கும் அது பயன்படாது. கோழித் தீவனத்தில் தாமிர உப்பு மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருப்பின், அக்கூளம் செம்மறிகளுக்கு நஞ்சாகவும் கூடும்.

நோய் அச்சமும் உண்டு. 1986இல் பிரிட்டனில் மாட்டு மூளை நோய் கண்டறியப்பட்டது. அதன் விளைவாக, பண்ணை விலங்குகளுக்குப் பதப்படுத்திய விலங்குப் புரதம் ஊட்டுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் தடுத்தது. கோழிப் புரதத்தைப் பன்றிகளுக்கு அளிக்க 2021இல்தான் மீண்டும் இசைந்தது.

இந்தியாவில் இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. இங்குக் கோழிகள் பெரும்பாலும் சிறு கடைகளிலேயே அறுக்கப்படுகின்றன. கடைக்குச் சில கிலோ கழிவு. வெயிலில் சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும், கொழுப்பும் ஊசிப்போகும். கழிவு இலவசமாகக் கிடைப்பினும், அன்றன்றே திரட்டி ஆலை சேர்க்கும் செலவு தூளின் விலையில் ஏறிவிடுகிறது. திட்ட மதிப்பீடுகளில் எளிதில் விடுபட்டுப் போவதும் இச்செலவே.